முன்னங்கால் உயர்ந்தால் மதிப்பெண்ணும் உயருமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் ஜெர்மனியில், டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்குப் பதினாறு வயது. சின்ன வயதிலிருந்தே குதிரையேற்றம் பழகுகிறாள். இப்போது எல் நிலை (ஜெர்மனியில் தொடக்க நிலைகளுக்கு அடுத்தது) டிரெஸ்ஸாஜ் போட்டிகளில், அதாவது குதிரையை வகுத்த அசைவுகளில் நடத்திக்காட்டி நடுவர்களிடம் மதிப்பெண் வாங்கும் போட்டிகளில் இறங்குகிறாள். இவ்வளவு நாளும் லாயத்துக் குதிரையை வைத்தே சமாளித்தோம். இனிமேல் சொந்தக் குதிரை வேண்டும் என்கிறாள். இரண்டு குதிரைகளைப் பார்த்திருக்கிறோம். ஒன்று, ஐந்து வயதுக் கறுப்புக் குதிரை, காயடித்த ஆண். டிராட்டில், அதாவது குறுக்குக் கால்கள் சோடி சோடியாக நகரும் ஓட்டத்தில், முன்னங்காலைத் தூக்கிப் போட்டால் மூக்குக்கு நேரே வருகிறது. பார்த்தவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். மற்றது, ஒன்பது வயதுப் பழுப்புப் பெட்டை. பார்க்கச் சாதாரணம், விலையும் பாதிதான். மகள் கறுப்பைத்தான் கேட்கிறாள். டோடிலாஸின் வீடியோவைக் காட்டி, "இப்படிக் கால் தூக்கினால்தான் 90 சதவீதம் வரும்" என்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வயதான அம்மாவோ, "அது டிரெஸ்ஸாஜ் இல்லை, சர்க்கஸ். நடுவர்கள்தான் இந்த விளையாட்டைக் கெடுத்துவிட்டார்கள்" என்று எரிந்து விழுகிறார். எனக்கும் என் கணவருக்கும் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. யார் சொல்வதை நம்புவது? எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கறுப்புக் குதிரை வேண்டாம். பழுப்புப் பெட்டை மருத்துவப் பரிசோதனையில் தேறினால் அதை வாங்குங்கள். ஆனால் "டாக்டர் சொல்லிவிட்டார்" என்று போய் நின்றால் பதினாறு வயதுப் பெண் கேட்கமாட்டாள், காரணம் கேட்பாள். கேட்கட்டும். காரணத்துக்கு அவள் காட்டும் டோடிலாஸிடமே போவோம். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது, பதினைந்து வருஷத்துக்கும் மேலாகக் குதிரைக்காரர்கள் உலகம் முழுக்கப் போட்டுவரும் சண்டைதான்.

டோடிலாஸ் 2000-இல் நெதர்லாந்தில் பிறந்த கறுப்புப் பொலிகுதிரை. எட்வர்ட் கால் என்ற டச்சு வீரர் ஏறினார். 2009-இல் இங்கிலாந்தின் வின்ட்சரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில், இசைக்கு ஆடும் ஃப்ரீஸ்டைல் சுற்றில் 90.70 சதவீதம் வாங்கியது. அதற்கு முன் எந்தக் குதிரையும் 90-ஐத் தாண்டியதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் 92.30. மறு ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்த உலகப் போட்டியில் டிரெஸ்ஸாஜுக்கு இருந்த மூன்று தங்கத்தையும் அள்ளியது. உங்கள் மகள் பார்க்கும் வீடியோ இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். முதலில் அவளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இந்த 90-களெல்லாம் ஃப்ரீஸ்டைல் கணக்கு. அதில் இசை, நடன அமைப்பு, கடினம் எல்லாவற்றுக்கும் தனி மதிப்பெண் உண்டு. எல்லாரும் ஒரே கட்டாய வரிசையில் ஆடும், கிராண்ட் பிரீ என்ற உச்ச நிலைச் சுற்றில் உலகச் சாதனையே 87.460 தான். அதையும் டோடிலாஸ் வைத்திருக்கவில்லை. வலேக்ரோ என்ற குதிரை 2014-இல் வாங்கியது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றபோது, தனிநபர் ஃப்ரீஸ்டைலில் அனுஷ் அகர்வாலாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தது 73.030. அவரும் நீங்கள் இருக்கும் ஜெர்மனியில் பழகியவர்தான். 90-ஐ மனதில் வைத்துக்கொண்டு குதிரை வாங்கப் போகிறவர்கள் இந்த எண்களையும் பார்க்க வேண்டும்.

சரி, டோடிலாஸின் மேல் என்ன புகார்? எக்ஸ்டென்டட் டிராட்டில், அதாவது ஒவ்வோர் அடியிலும் முடிந்த அளவு நீளமாகத் தரையைப் பிடித்து ஓடும் டிராட்டில், அதன் முன்னங்கால் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக உயரும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்த நொடியைப் படமாக நிறுத்திப் பார்த்தவர்கள், குறுக்கே இருக்கும் பின்னங்கால் அந்த அளவுக்கு முன்னே வரவில்லை என்று காட்டினார்கள். வாசலில் வாழைமரமும் தோரணமும் கட்டியாயிற்று, கொல்லையில் இன்னும் அடுப்பே மூட்டவில்லை என்கிற கதை.

இது வெறும் ரசனைச் சண்டையும் அல்ல. எஃப்.இ.ஐ. என்ற உலகக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. எக்ஸ்டென்டட் டிராட்டில் முன்னங்காலும் பின்னங்காலும் ஒரே அளவுக்கு முன்னே எட்ட வேண்டும். முன்குளம்பு எந்த இடத்தைச் சுட்டிக்கொண்டு நீள்கிறதோ அந்த இடத்திலேயே தரையைத் தொட வேண்டும். காலை வானத்தைப் பார்க்க வீசிவிட்டு, அந்தரத்தில் பின்னுக்கு இழுத்து, அரை அடி உள்ளே வைக்கிற குதிரை அந்த விதியை மீறுகிறது, எவ்வளவு அழகாக இருந்தாலும். பாசாஜ் என்ற, தொங்கித் தொங்கி நடக்கும் டிராட்டுக்கும் அளவு சொல்லியிருக்கிறார்கள்: தூக்கிய முன்குளம்பின் நுனி, ஊன்றிய காலின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் நடுப்பகுதி வரை வர வேண்டும்; பின்குளம்பு, ஊன்றிய காலின் கணுமூட்டுக்குச் சற்று மேலே வந்தால் போதும். அதைவிட உயரமாகத் தூக்கினால் கூடுதல் மதிப்பெண் என்று எந்த வரியிலும் இல்லை.

அப்படியானால் நடுவர்கள் ஏன் கொடுக்கிறார்கள்? மோசடி என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அரங்கு 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பெரிய போட்டிகளில் ஏழு நடுவர்கள் சுற்றிலும் இருப்பார்கள். குறுக்குப் பக்கத்தின் நடுவில், சி என்ற எழுத்தருகே ஒருவர். நடுக்கோட்டில் அவரை நோக்கி வரும் குதிரையில் அவருக்கு முழுசாகத் தெரிவது முன்னங்கால்தான். பின்னங்கால் மார்புக்குப் பின்னால் மறைந்துவிடும். நீளப் பக்கத்தின் நடுவில், இ, பி என்ற எழுத்துகளில் இருப்பவர்களுக்குக் குதிரை பக்கவாட்டில் தெரியும். பின்னங்கால் எவ்வளவு உள்ளே வருகிறது, இடுப்பு இறங்குகிறதா என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் படும். ஒரே குதிரைக்கு, ஒரே அசைவுக்கு, ஒருவர் 9-உம் இன்னொருவர் 7.5-உம் போட்டிருந்தால் திட்டுவதற்கு முன் யார் எங்கே இருந்தார் என்று பார்க்க வேண்டும். போதாததற்கு ஒவ்வோர் அசைவுக்கும் சில வினாடிதான் அவகாசம். அதற்குள் எண்ணைச் சொல்லி, காரணத்தையும் சொல்லி எழுத்தரிடம் எழுதவைத்துவிட்டு அடுத்ததற்குத் தலையைத் திருப்ப வேண்டும். அந்த அவசரத்தில் மனிதக் கண் பெரிய அசைவின் பக்கம்தான் போகும்.

இன்னொன்று, கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை, அரை மதிப்பெண்களும் உண்டு. நடுவர் மனதில் முதலில் இந்தக் குதிரையின் டிராட்டுக்கு ஒரு விலை விழுந்துவிடும். 9 பெறும் டிராட், நடுவில் சின்னதாகத் தடுமாறினால் 7.5-க்கு இறங்கும். 7 பெறும் டிராட், ஒரு பிசகும் இல்லாமல் ஓடினாலும் 7.5-க்கு மேல் ஏறுவது அபூர்வம். ஆக, பெரிய அசைவுள்ள குதிரை தவறு செய்துவிட்டும் தவறே செய்யாத குதிரையோடு சமமாக நிற்கும். உங்கள் ஆசிரியை அம்மாவின் கோபம் இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் "சர்க்கஸ்" என்று ஒரே வார்த்தையில் டோடிலாஸைத் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. அந்த வீடியோவில் எக்ஸ்டென்டட் டிராட்டை விட்டுவிட்டு, பாசாஜிலிருந்து பியாஃபுக்குப் போகும் இடத்தைப் பாருங்கள். பியாஃப் என்றால் நின்ற இடத்திலேயே டிராட். கிராண்ட் பிரீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து அடி வரை கேட்பார்கள். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் தனி மதிப்பெண். பெரும்பாலான குதிரைகள் இந்த வாசலில்தான் தடுக்கும்: தாளம் அறுபடும், ஒரு கால் தயங்கும், வால் சுழலும். டோடிலாஸ் ஒரே தாளத்தில் உள்ளே போய் ஒரே தாளத்தில் வெளியே வரும். முதுகும் இடுப்பும் பலமில்லாத குதிரையால் அது முடியாது. அந்த 9-களும் 10-களும் உழைத்து வாங்கியவை.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்கள் மகளுக்குப் பாடம். 2010 அக்டோபரில் டோடிலாஸ் ஜெர்மனிக்கு விற்கப்பட்டது. விலை கோடிக்கணக்கான யூரோ என்று பேச்சு. மத்தியாஸ் ராத் என்ற இளைஞர் ஏறினார். அதே குதிரை, அதே கால், அதே உயரம். அந்த மதிப்பெண்கள் திரும்பவே இல்லை. முன்னங்கால் உயர்வதால்தான் 92 வந்தது என்றால் அது ஜெர்மனிக்கும் கூடவே வந்திருக்க வேண்டுமே. 2015-இல் ஆகெனில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் நடை சீராக இல்லை என்று பார்வையாளர்களே முணுமுணுத்தார்கள்; அப்படியும் நடுவர்கள் 75 சதவீதத்துக்கு மேல் போட்டார்கள். அடுத்த சுற்றில் குதிரை இறங்கவில்லை. பரிசோதித்ததில் இடப் பின்னங்காலில் எலும்பு அழற்சி. அதோடு ஓய்வு. 2020 டிசம்பரில் குடல்வலி கண்டு இறந்தது. நொண்டலை நோக்கியே வாழ்க்கையைக் கழிக்கும் என்னைப் போன்ற குதிரை மருத்துவர்களுக்கு வின்ட்சரின் 90-ஐவிட ஆகெனின் 75 தான் பெரிய கேள்வி. அசைவின் பகட்டு, சீரின்மையைக்கூட மறைத்துவிடும் என்பதற்கு அதைவிட வெளிப்படையான சாட்சி எனக்குத் தெரியாது.

டோடிலாஸின் சாதனைகளை உடைத்த வலேக்ரோவைப் பாருங்கள். சார்லட் டுஜார்டின் ஏறிய பிரிட்டிஷ் அணிக் குதிரை. பிறப்பால் அதுவும் டச்சு இனம். 2014 டிசம்பரில் ஒலிம்பியாவில் 94.300. இன்றுவரை அதுதான் உச்சம். வலேக்ரோவுக்கும் பெரிய அசைவு உண்டு. ஆனால் முன்னால் எவ்வளவோ பின்னாலும் அவ்வளவு. படத்தை எந்த நொடியில் நிறுத்தினாலும் முன்னங்காலின் கீழெலும்பும் குறுக்குப் பின்னங்காலின் கீழெலும்பும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். பாரிஸ் ஒலிம்பிக்கில், வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நடந்த 2024 இறுதிச் சுற்றையும் சொல்ல வேண்டும். கிளாமர்டேல் என்ற கறுப்புப் பொலிகுதிரையின் கேண்டரை, அதாவது மூன்று தட்டில் தாவி ஓடும் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வேறெதையும் பார்க்கத் தோன்றாது, அத்தனை பெரிய பாய்ச்சல். அதற்கு 88.971, வெண்கலம். தங்கம், 90.093-உடன், டலேராவுக்கு. ஜெசிகா ஃபான் பிரெடோவ்-வெர்ன்ட்ல் ஏறிய டிராகேனர் இனப் பெட்டை அது. காலை எங்கும் வீசி எறியாது. ஆனால் வாய் அமைதி, தாளம் அறாது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாறியது என்றே தெரியாது. ஆக, நடுவர்கள் எப்போதும் பகட்டுக்குத்தான் விழுவார்கள் என்பதும் உண்மையில்லை. உங்கள் ஆசிரியையிடம் இந்த வீடியோவைப் போட்டுக் காட்டலாம்.

வலேக்ரோ பெயரை எடுத்ததால் இதையும் மறைக்கக்கூடாது. பாரிஸுக்குச் சில நாள் முன்பு, டுஜார்டின் ஒரு பயிற்சியில் மாணவியின் குதிரையைக் கீழே நின்றபடி சாட்டையால் காலில் அடிக்கும் பழைய காணொளி வெளிவந்தது. அவர் போட்டியிலிருந்து விலகினார், எஃப்.இ.ஐ. ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் ஃப்ராங்க் அபராதமும் விதித்தது. வலேக்ரோவின் கால்களைப் பற்றி நான் மேலே சொன்னது மாறாது. ஆனால் காலை உயரவைக்கும் ஆசை யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆசைக்கு இன்னொரு குறுக்குவழி கழுத்து. கடிவாளத்தை இழுத்து, தாடை மார்பில் படும்படி கழுத்தைச் சுருட்டி வைத்தால் முதுகு இறுகும். இறுகிய முதுகுக்காரக் குதிரை சக்தியை வெளியேற்ற வழியில்லாமல் முன்னங்காலை உதறும். பார்ப்பவருக்கு அது மிடுக்கு. கெர்ட் ஹாய்ஷ்மான் என்ற ஜெர்மானியக் கால்நடை மருத்துவர் இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார்: முதுகால் நடக்கும் குதிரை வேறு, காலால் மட்டும் நடக்கும் குதிரை வேறு. 2010 பிப்ரவரியில் லொசானில் கூடிப் பேசி, பலவந்தமாகக் கழுத்தைச் சுருட்டுவது கூடாது என்று எஃப்.இ.ஐ. அறிவித்தது. பலவந்தமில்லாமல் தாழ்த்தி வட்டமாக வைக்கலாம் என்று கூடவே ஒரு கதவையும் திறந்துவைத்தது. எது பலவந்தம் என்ற சண்டை அந்தக் கதவு வழியாக இன்னும் வந்துபோய்க்கொண்டிருக்கிறது.

இதில் பழமைவாதிகள் எல்லாவற்றிலும் சரி என்றும் நினைத்துவிட வேண்டாம். டிராட்டில் குறுக்குக் கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும், படத்தில் ஒன்று முன்னே ஒன்று பின்னே இருந்தால் நடை கெட்டுவிட்டது என்பார்கள். அதிவேகக் கேமரா வைத்து அளந்த ஸ்வீடனின் மிக்கேல் ஹோல்ம்ஸ்ட்ரோம், ஹிலரி கிளேட்டன் போன்ற ஆய்வாளர்கள், நல்ல டிரெஸ்ஸாஜ் குதிரைகளில் பின்குளம்பு முன்குளம்புக்குத் துளி முன்னதாகவே தரை தொடுவதைக் கண்டார்கள். கண்ணால் பிடிக்க முடியாத இடைவெளி. உடல் பாரத்தைப் பின்னங்கால் முதலில் வாங்குகிறது என்பதால் அது நல்ல அறிகுறி. கவலைப்பட வேண்டியது அதன் மறுதலைக்குத்தான்: முன்குளம்பு முதலில் விழுந்தால் குதிரை தன் பாரத்தைத் தோளில் கொட்டிக்கொண்டு ஓடுகிறது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பின்னங்காலில், ஹாக் என்ற பெரிய மூட்டுக்குக் கீழே, எலும்பின் பின்புறத்தில் சஸ்பென்சரி என்ற தசைநார் புறப்பட்டு, குளம்புக்கு மேலுள்ள கணுமூட்டை அடியிலிருந்து தாங்குகிறது. கால் ஊன்றும்போது அந்தக் கணுமூட்டு தரையை நோக்கி இறங்கும். விசை கூடக் கூட இறக்கமும் கூடும். மேல்மட்ட டிரெஸ்ஸாஜ் குதிரைகளுக்கு அதிகம் வருகிற காயங்களில் இந்தத் தசைநாரின் தொடக்கத்தில் வருவது முக்கியமானது. அந்த இடத்தில் இருபுறமும் எலும்பு, பின்னால் கெட்டிச் சவ்வு. வீங்கினால் விரிய இடமில்லை. முன்னங்காலில் இதே காயம் ஓய்வில் ஆறிவிடும் வாய்ப்பு நிறைய. பின்னங்காலில் வெறும் ஓய்வை நம்பினால் பல குதிரைகள் பழைய வேலைக்குத் திரும்புவதில்லை.

பரிசோதிக்கும்போது காலை மடக்கித் தொடையில் தாங்கிக்கொண்டு, கட்டைவிரலால் அந்தத் தசைநாரை அழுத்தியபடியே மேலே போவேன். ஹாக்குக்கு நாலு விரற்கடை கீழே வரும்போது சில குதிரைகள் காலை வெடுக்கென்று பிடுங்கும். இத்தனைக்கும் லாயத்திலிருந்து நடத்திக்கொண்டு வரும்போது நொண்டல் தெரிந்திருக்காது. ஏறுபவரிடம் கேட்டால், "நொண்டவில்லை டாக்டர், இடப்பக்கக் கேண்டரில் கொஞ்சம் சோம்பல்", "பியாஃப் என்றால் அடம் பிடிக்கிறது" என்பார்கள். அடமில்லை, வலி. சூ டைசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதற்காகவே, மேலே ஆள் இருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்தார்: காது பின்னால் ஒட்டுவது, வாய் திறப்பது, வாலைச் சுழற்றுவது, தலையை உதறுவது, இப்படி. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம். விற்பவர் வீடியோவை அனுப்பினால் முன்னங்காலை விட்டுவிட்டு இவற்றை எண்ணிப் பாருங்கள். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறீர்கள்; இதற்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

ஐந்து வயதுக் கறுப்புக் குதிரைக்கு எதிராக என் மனதில் இருப்பது இதுதான். முதுகெலும்பின் வளர்ச்சி முனைகள் உடம்பிலேயே கடைசியாக மூடுபவை; இந்த வயதில் அது இன்னும் முழுக் குதிரை ஆகவில்லை. அதன் வயதுக்கு அந்த டிராட் பிறவியிலேயே வந்ததா, விற்பனைக்காக வரவழைத்ததா என்பது வீடியோவில் தெரியாது. ஐந்து, ஆறு வயதுக் குதிரைகளுக்கென்றே உலகப் போட்டி இருக்கிறது. டிராட், நடை (ஓடாமல் நடப்பது), கேண்டர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஏலங்களில் கூட்டம் எழுந்து நிற்பது டிராட்டுக்குத்தான். யானை விலை குதிரை விலை என்போமே, அந்த விலை விழுவது அங்கேதான். நல்ல நடைக்கும் நல்ல குணத்துக்கும் யாரும் கைதட்டுவதில்லை.

பிறவியிலேயே வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த டிராட்டில் உட்கார வேண்டியவள் உங்கள் மகள். பெரிய டிராட் ஏறுபவரை ஒவ்வோர் அடியிலும் சேணத்திலிருந்து எறியும். வயிறும் இடுப்பும் அதற்கு ஈடுகொடுக்கப் பழகாத பெண், விழாமலிருக்கக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவாள். வேண்டுமென்று செய்யமாட்டாள், தன்னால் நடக்கும். வாயில் வலித்த குதிரை கழுத்தைச் சுருட்டும், முதுகை இறுக்கும். மேலே சொன்ன கதை உங்கள் லாயத்திலேயே தொடங்கிவிடும். அனுபவமுள்ளவர் கையில் அந்தக் கறுப்புக் குதிரை நன்றாக வரலாம். நான் குதிரையைக் குறை சொல்லவில்லை.

அவள் ஓட்டும் எல் நிலையில் என்ன கேட்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கேண்டரிலிருந்து நடைக்கு வந்து, சில அடி நடந்து, மறுகாலில் மீண்டும் கேண்டர். வளைவின் வெளிப்பக்கக் கால் முன்னே வரும் கேண்டரில் வளைவு. பின்னங்காலை ஊன்றித் திரும்பும் குறுந்திருப்பம். கடிவாளத்தை விட்டுக்கொடுத்தபடி நடை. இதில் முன்னங்கால் உயரத்துக்கு வேலையே இல்லை. நடை நாலு தட்டாக இருக்கிறதா, கேட்டவுடன் மாறுகிறதா என்பதுதான் எல்லாம். நடை என்று நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிராட்டைப் பயிற்சியால் நிறைய வளர்க்கலாம். நடையையும் கேண்டரையும் பிறந்தபடிதான் வாங்க வேண்டும். மேல்மட்டத்தில்கூட எக்ஸ்டென்டட் நடைக்கு மதிப்பெண்ணை இரண்டால் பெருக்குவார்கள். பதற்றமான குதிரை டிராட்டில் மினுக்கும், நடையில் மாட்டிக்கொள்ளும்: ஒரே பக்கத்து முன்பின் கால்கள் சேர்ந்து நகர ஆரம்பிக்கும், ஒட்டகம் மாதிரி.

பழுப்புப் பெட்டையைப் பார்க்கப் போகும்போது முன்கூட்டிச் சேணம் போட்டு ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லாயத்திலிருந்து குளிர்ந்த உடம்போடு வெளியே வருவதைப் பார்க்க வேண்டும். கெட்டித் தரையில் நேராக நடத்தச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் மெதுவியக்கத்தில் பிடியுங்கள். பின்குளம்பு, முன்குளம்பு விட்டுச்சென்ற தடத்தைத் தாண்டி விழ வேண்டும். பிறகு டிராட், படத்தை நிறுத்தி முன்னங்கால், குறுக்குப் பின்னங்கால் கீழெலும்புகள் இணையாக இருக்கின்றனவா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். இதையே கறுப்புக் குதிரைக்கும் செய்யட்டும். அவள் கண்ணால் அவளே பார்ப்பது நான் எழுதும் பத்துப் பக்கத்துக்குச் சமம். மூக்குப்பட்டைக்கு அடியில் விரல் போகிறதா என்றும் பாருங்கள். அதை இறுக்கிக் கட்டி வாயை மூடிவைக்கும் பழக்கம் பரவியதால்தான் 2025 மே முதல் எஃப்.இ.ஐ. போட்டிகளில் அளவுகோல் வைத்தே சோதிக்கிறார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம். வீட்டு லாயத்திலேயே இறுக்கிக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் விற்பவர் ஏற வேண்டும், அடுத்து உங்கள் ஆசிரியை, கடைசியாக மகள். ஆசிரியை நடுவர்களைத் திட்டட்டும். குதிரையின் முதுகு மேலே எழுகிறதா என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லக்கூடியவர் உங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். ஒன்பது வயதில் ஏன் விற்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசியாக ஓடிய போட்டிகளின் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். நடுவர் எழுதிய குறிப்புகளில் "சீரில்லை" என்ற சொல் ஒன்றுக்கு மேல் வந்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

வாங்குமுன் பரிசோதனையை, விற்பவரின் லாயத்துக்கு வழக்கமாக வரும் மருத்துவரிடம் கொடுக்காதீர்கள். எக்ஸ்ரேயோடு இரண்டு பின்னங்காலின் சஸ்பென்சரிக்கும் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். வழக்கமான தொகுப்பில் அது இருக்காது, தனியாகப் பணம் கட்ட வேண்டிவரும், கட்டுங்கள். ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தவும் சொல்லுங்கள். பிறகு ஏதாவது தெரியவந்தால், அன்று வலிமருந்து ஓடிக்கொண்டிருந்ததா என்று அதில் பார்க்கலாம். ரத்தம் என்றதும் விற்பவர் முகம் மாறினால் டிரெய்லரைக் காலியாகவே திருப்பிக்கொண்டு வாருங்கள்.